மூச்சு எனக்குத் தெரியும் என்றேன்

தூத்துக்குடிக் கடலில் இருபது வருஷம் சங்கு குளித்தவன் நான். அதனால் மாடி ஏறினால் மூச்சு வாங்குகிறது என்று என் மனைவி சொன்னதும், வைத்தியம் என்னிடமே இருப்பதாக நினைத்தேன். திமிர், வேறென்ன?

பக்கத்து கிளினிக்கில் கையில் பட்டை கட்டி அளந்தார்கள். பிரஷர் சரியாக இருந்தது. இழுப்பாக இருக்கும் என்று இன்ஹேலர் கொடுத்தார்கள். அது கேட்கவில்லை. பெரிய ஆஸ்பத்திரியில் காட்டலாமே என்றான் அவள் தம்பி.

"கொல்லத் தெருவுல ஊசி விக்க வந்துட்டான் பாரு" என்று அவன் வாயை அடைத்துவிட்டு, அவளிடம் சொன்னேன்: "ஏளா, ஒனக்கு மூச்சுப் பழக்கம் இல்ல, அவ்ளவுதான்."

புதிதாகக் கடலில் இறங்குகிறவர்களுக்குப் பழக்குவதுபோல, தினமும் காலையில் அவளை உட்காரவைத்து ஐம்பது எண்ணும்வரை மூச்சை அடக்கச் சொன்னேன். நான் வாய்விட்டு எண்ணுவேன். இருபதைத் தாண்டுவதற்குள் அவள் உதடு நீலம் பாரித்துவிடும். "இன்னுங் கொஞ்சம், இன்னுங் கொஞ்சம்" என்பேன். ஒரு வருஷம் இப்படியே போயிற்று.

கோயிலில் பூசைக்கு நடுவே அவள் மயங்கி விழுந்த பிறகுதான் பெரிய ஆஸ்பத்திரிக்குப் போனோம். எக்கோ, ஸ்கேன் எல்லாம் எடுத்து, இதயத்துக்குள் மெல்லிய குழாய் விட்டும் பார்த்தார்கள்.

டாக்டரம்மா ஒரு தாளில் வரைந்து காட்டினார். "கையில கட்டிப் பாக்குற பிரஷர் வேற. இது இதயத்துலருந்து நுரையீரலுக்குப் போற ரத்தக்குழாய்ல உள்ள பிரஷர். இதுதான் ஏறியிருக்கு. கடைசிப் பிரசவத்துக்கு அப்புறம் கால் வீங்குச்சா?"

வீங்கியது. எண்ணெய் தேய்த்துவிட்டுச் சும்மா இருந்துவிட்டோம். அந்தக் காலில் உறைந்த ரத்தம் நுரையீரலுக்குப் போய் அடைத்திருக்கிறதாம். அடைப்புக்கு எதிராகத் தள்ளித் தள்ளியே இதயத்தின் வலப்பக்கம் வீங்கிவிட்டது.

"முன்னாலயே வந்திருந்தா ஆபரேஷன் பண்ணி அடைப்ப எடுத்திருக்கலாம். இப்ப இவங்க உடம்பு தாங்குமான்னு சந்தேகம்." ரத்தம் உறையாமலிருக்க மருந்து, பிரஷரைக் குறைக்க மாத்திரை, வீட்டில் ஆக்சிஜன் என்று எழுதினார். மூச்சைப் பிடித்து முக்கவே கூடாது என்றார். "வீட்டுல அப்படி ஏதாவது செஞ்சீங்களா?"

அவள்தான் பதில் சொன்னாள்.

"இவிய நல்லாத்தான் சொல்லித் தந்தாவ, டாக்டர். நாந்தான் ஒருநாளும் அம்பது வரைக்கும் அடக்கல. அடக்கிருந்தா சரியாப் போயிருக்கும், இல்லியா?"

டாக்டரம்மா என்னைப் பார்த்தார். உன்மேல் தப்பில்லை என்று அவளிடம் சொல்ல வேண்டியவன் நான்தான். இன்னும் சொல்லவில்லை.