மாத்திரைக் குழுவில் ஒரு பெட்டிக்காரர்

நர்ஸ் வேலையிலிருந்து கிளினிக்கல் டிரயல் கோஆர்டினேட்டராக மாறியபின், புதுக்கோட்டை ஆஸ்பத்திரியில் ஓர் ஆய்வுக்கு நான் முதலில் சேர்த்த நோயாளி இப்ராகிம் பாய். கோட்டைப்பட்டினத்தில் விசைப்படகு ஓட்டியவர். மாரடைப்புக்குப் பிறகு இதயம் பலவீனமாகியிருந்தது. அப்படிப்பட்டவர்களுக்குத் துடிப்பு திடீரென்று தாறுமாறானால், உள்ளிருந்தே ஷாக் கொடுத்துச் சரிசெய்யும் சிறு பெட்டியைத் தோளுக்குக் கீழே வைப்பார்கள். நல்ல மாத்திரைகள் வந்துவிட்ட பிறகும் அந்தப் பெட்டி எல்லோருக்கும் தேவையா என்பதுதான் ஆய்வின் கேள்வி. யாருக்குப் பெட்டியும் மாத்திரையும், யாருக்கு மாத்திரை மட்டும் என்பதைக் கம்ப்யூட்டர் குலுக்கிப் போடும்.

நான் விளக்கி முடித்ததும் அவர் மனைவி மும்தாஜ் அக்கா பக்கத்திலிருந்த இதய டாக்டரிடம் திரும்பினார்.

"ஒங்க கூடப்பொறந்தவரா இருந்தா எதைங்க குடுப்பீங்க?"

டாக்டர் சொன்னார்: "தெரியலைம்மா. தெரிஞ்சா குலுக்கிப் போட மாட்டேன்."

பாய்க்கு அந்தப் பதில் பிடித்துவிட்டது. கையெழுத்துப் போட்டார். குலுக்கலில் மாத்திரைக் குழு விழுந்தது. நெஞ்சைக் கீற வேண்டாம் என்று சந்தோஷமாக ஊர் திரும்பினார்.

சில மாதங்களில் படகுத்துறையில் மயங்கி விழுந்தார். வார்டில் படுத்திருந்தபோதே மானிட்டரில் துடிப்பு தறிகெட்டு ஓடி, தானாக அடங்கியது. ஆய்வை நடத்தும் கம்பெனிக்குப் போன் செய்தேன். மேலிடத்தில் கேட்டுச் சொல்லும்வரை பெட்டி வைக்க வேண்டாம், கணக்கு கெட்டுவிடும் என்றார்கள். டாக்டரிடம் சொன்னேன்.

"நமக்குத் தெரியாதவரைக்கும்தான் குலுக்கல். இவரு விஷயத்துல தெரிஞ்சுபோச்சு. பெட்டி வைக்க கேத் லேப்பை ரெடி பண்ணச் சொல்லுங்க" என்றார்.

மேலிடத்திலிருந்து சரி என்று போன் வந்தபோது, பாய் பெட்டியோடு கஞ்சி குடித்துக்கொண்டிருந்தார்.

பிறகு ஒருநாள் கடைவீதியில் பெட்டி ஷாக் கொடுத்தது. "ஒதச்சது யாருன்னு திரும்பிப் பாத்தேன் சிஸ்டர், ஒருத்தரையும் காணோம்" என்று சிரித்தார். நடுக்கடலில் ஷாக் அடித்தால் ஆபத்து என்பதால், படகு ஓட்டுவதை மட்டும் விடவேண்டி வந்தது. இப்போது கரையில் மீன் ஏலம் பார்க்கிறார்.

பெட்டி வைத்ததால் ஆய்விலிருந்து தன் பேரை நாங்கள் எடுத்திருப்போம் என்று அவர் நினைத்திருந்தார். இல்லை, குலுக்கலில் விழுந்த குழுவிலேயேதான் கடைசிவரை கணக்கு, இப்படிப்பட்டவர்களை எடுத்துவிட்டால் மாத்திரை உண்மையில் இருப்பதைவிட நல்லதாகத் தெரியும் என்று விளக்கிவிட்டு, தொடர விருப்பமா என்று கேட்டேன். வேண்டாமென்றால் அப்போதே விலகலாம் என்றும் சொன்னேன்.

"பெட்டிய நெஞ்சுல வச்சுக்கிட்டு மாத்திரைக் கூட்டத்துலயா நிக்கிறேன்?" என்று தோளுக்குக் கீழே தடவிப் பார்த்தார். "இருக்கட்டுங்க. மாத்திரை பத்தாம விழுந்தவன் ஒருத்தன் இருக்கான்னு அவங்களுக்கும் தெரியணும்ல."

இந்த வேலைக்குப் புதிதாக வருபவர்களுக்கு நான் சொல்வது இதுதான்: கையெழுத்தோடு சம்மதம் முடிந்துவிடாது. நோயாளி வரும்போதெல்லாம் கேளுங்கள். வேண்டாம் என்று அவர் சொல்லும்படியாகக் கேளுங்கள்.