பந்துக்குள் பந்து புகுமா?

இன்று சாப்பாட்டு மேசையில் இருந்தவர்கள்: நான், என் வீட்டுக்காரர், மூலக்குளத்திலிருந்து வந்த நாத்தனார் செல்வி, டியூஷனுக்குப் போன மகள் விட்டுச்சென்ற பிளஸ் டூ இயற்பியல் புத்தகம்.

புத்தகத்தில் ஒரு கணக்கு: நொடிக்கு மூன்று மீட்டர் வேகத்தில் வரும் ஒரு கிலோ பந்து, சும்மா கிடக்கும் இரண்டு கிலோ பந்தின் மேல் மோதுகிறது. மீட்சி மோதல், அதாவது இயக்க ஆற்றல் வீணாகாத மோதல். பிறகு இரண்டின் வேகம் என்ன?

தோற்பவர் நாளைய பூஜைக்குக் குத்துவிளக்குகளைப் புளி போட்டுத் தேய்க்க வேண்டும் என்று பந்தயம்.

நானாகப் படித்துக் கற்றபடி உந்தத்தையும் ஆற்றலையும் சமன் செய்தேன். சின்னது ஒரு மீட்டர் வேகத்தில் திரும்பி வரும். பெரியது இரண்டு மீட்டர் வேகத்தில் முன்னே போகும்.

அவர் சிரித்தார். “சின்னதுக்கு அதே மூணு, பெருசுக்குப் பூஜ்யம். உந்தமும் சரி, ஆற்றலும் சரி. போய்ப் புளிய ஊற வை.”

போட்டுப் பார்த்தேன். முருகா, இரண்டுமே சரியாக வந்தன!

செல்விதான் கேட்டாள். “ஏண்ணா, பெருசு நவுரவே இல்ல, சின்னது நேரா போவுதுன்னா, அதுக்குள்ள பூந்தா போச்சு? உன் ஸ்கூட்டர் லாரியில மோதுனா அந்தப் பக்கமா வந்துடுமா?”

“அப்ப இடிக்கவே இல்லீங்க” என்றேன்.

அவர் விடவில்லை. “இடிச்சுதான்னா கேட்டான்? வேகத்தத்தான கேட்டான்!”

ஒன்றைத் துளைத்துக்கொண்டு மறுபக்கம் போவது சித்தர்களுக்குச் சரி. ஒரு கிலோ பந்து அப்படிப் போனால் மதிப்பெண் உண்டா?

விளக்குகள் கறுத்துக் கிடக்கின்றன. அவர் செய்தித்தாளுக்குப் பின்னால் ஒளிந்திருக்கிறார். இயற்பியல் தெரிந்தவர்கள் இன்று மாலைக்குள் பின்னூட்டத்தில் பதில் சொல்லுங்கள்.