சாருலதா எட்டிப் பார்த்த ஜன்னல்

மும்பை செம்பூரில் நடக்கும் தமிழ்க் கல்யாணங்களில் சாருலதாவின் கைவண்ணத்தைப் பார்க்காதவர்கள் குறைவு. சம்பந்தி வீட்டாருக்கு எதிரே வரிசையாக வைக்கிற சீர்த் தட்டுகளை அலங்கரித்துக் கொடுப்பது அவள் தொழில். பருப்புத்தேங்காய்க் கூம்புக்குப் பட்டுத்துணி சுற்றி, நத்து மாட்டி, மணப்பெண்ணாக நிறுத்திவிடுவாள். கல்கண்டில் வீணை செய்வாள். கைக்கு இருந்த அழகு வாய்க்கும் இருந்தது. யாரையும் கடிந்து பேசமாட்டாள்.

"பத்மஜா இப்ப தனியாப் பண்றாளாமே?" என்று யாராவது கேட்டால், "பண்ணட்டுமே மாமி! அவளும் முன்னுக்கு வரணும். என் தங்கை மாதிரின்னா அவ," என்பாள்.

சொல்லும்போது சிரிப்பாள். அந்தச் சிரிப்புக்குப் பின்னால் ஓர் அடுப்பு அணையாமல் எரிந்துகொண்டிருந்ததை யார் கண்டார்கள்? கணவர் ஜெயராமுக்கே தெரியாது. யாருக்குத் தெரிந்தாலும் போகட்டும், பத்மஜாவுக்கு மட்டும் தெரியக்கூடாது. தெரிந்தால் அன்றே உயிரை விட்டுவிட வேண்டியதுதான் என்று சாருலதா நினைத்திருந்தாள்.

ஒரு காலத்தில் இருவரும் ஒரே பாயில் எதிரெதிரே உட்கார்ந்து வேலை செய்தவர்கள். சான்பாடாவில் ஃப்ளாட் வாங்கிக்கொண்டு போன பத்மஜா, அங்கே போனதும் தன் பெயரை மட்டும் போட்டு இன்ஸ்டாகிராமில் ஒரு பக்கம் திறந்தாள். 'பத்மஜா சீர்வரிசை.' அந்த முதல் படத்தைப் பார்த்தபோது சாருலதாவுக்கு வந்தது கோபமில்லை. கோபமாக இருந்தால் சண்டை போட்டுத் தீர்த்திருக்கலாம். தாமரை இதழை மடித்து அவள் செய்திருந்த அன்னப்பறவை அவ்வளவு அழகாக இருந்தது. அதுதான் பொறுக்கவில்லை. மாட்டுங்கா பூக்கடையில் போய் நின்றால், கடைக்காரரே "பத்மஜா மேடம் நேத்து வந்தாங்க, வெள்ளைத் தாமரை மொத்தமும் எடுத்துட்டாங்க" என்கிறார். போகிற இடமெல்லாம் பத்மஜா. ஹார்பர் லைன் ரயிலில் ஏறினால், வருகிற ஸ்டேஷன் பெயர்ப் பலகையிலும் சான்பாடா.

ஆனால் சாருலதாவிடம் ஒரு ரகசியம் இருந்தது. சேர்ந்து வேலை செய்த நாளில் படங்களும் ஆர்டர்களும் வந்துகொண்டிருந்தது பத்மஜாவின் மெயில் கணக்குக்கு. அந்தக் கணக்கு சாருலதாவின் லேப்டாப் ப்ரௌசரில் திறந்தே கிடந்தது. பிரிந்து போனவள் அதை மூட மறந்துவிட்டாள். ஒருநாள் தற்செயலாக ஹிஸ்டரியைத் திறந்தபோது, பத்மஜா சான்பாடாவில் உட்கார்ந்து தன் போனில் தேடியதெல்லாம் செம்பூரில் வரிசையாக வந்து நின்றது.

அன்றுமுதல் சாப்பாட்டுக் கடை ஒழிந்ததும், ஜெயராம் ஆபீஸிலும் மகன் நகுல் தன் அறையில் காதில் ஹெட்போனோடும் இருக்கும் நேரத்தில், சாருலதா லேப்டாப்பைத் திறப்பாள். பத்மஜா 'வெட்டிவேர் தேர்' என்று தேடியிருந்தால், அவள் வேர் வாங்குவதற்குள் சாருலதாவின் தேர் மண்டபத்தில் நிற்கும். பத்மஜா 'பிஸ்தா ஓட்டில் கிளி' என்று தேடினால், செம்பூர்க் கிளி முதலில் பறக்கும். அந்த வெற்றியில் ஒருநாள் பொழுது சந்தோஷமாகப் போகும். மறுநாள் அடுப்பு மறுபடி மூண்டுவிடும்.

தன்னுடைய தேடலும் அதே பட்டியலில் இடையிடையே இருப்பதை அவள் பார்க்காமல் இல்லை. தன் லேப்டாப், தன்னுடையது இருக்கத்தானே செய்யும் என்று விட்டுவிட்டாள்.

இந்தக் கோடையில் வந்தது அந்த விபத்து. மாட்டுங்கா அபயாம்பாள் மாமி தன் மகள் கல்யாணத்துக்கு, பத்மஜாவை விட்டுவிட்டு சாருலதாவைக் கூப்பிட்டிருந்தாள். இந்த முறை ஊரே பேச வேண்டும் என்று சாருலதா தவித்தாள். பத்மஜாவின் தேடலிலோ நாலைந்து நாளாக ஒரே விஷயம்: பனிக்கட்டித் தட்டு. உள்ளே ரோஜா இதழ் உறைந்திருக்க, கண்ணாடிபோல மின்னும் ஐஸ் பலகை. ஐஸ் தெளிவாக உறைய என்ன செய்வது, அச்சு எங்கே கிடைக்கும் என்று விதவிதமாகத் தேடியிருந்தாள்.

மே மாதத்தில், மும்பையில், ஐஸ்! நிதானமாக இருந்த ஒருத்தி யோசித்திருப்பாள். பொறாமைக்கு நிதானம் ஏது? சாருலதா அச்சு வாங்கி, ஐஸ் பலகை செய்து, அதன்மேல் மாப்பிள்ளையின் பட்டு வேஷ்டியை மயில்கண் பார்டர் தெரிய மடித்து வைத்தாள். பார்த்தவர்கள் "ஆஹா" என்றார்கள். அந்த நேரம் பார்த்து மண்டபத்து ஏ.சி. நின்றது. கல்யாணம் நடத்திவைக்கும் வாத்தியாரும் டிராஃபிக்கில் மாட்டிக்கொண்டார். மாப்பிள்ளை வீட்டார் வேஷ்டியைக் கையில் எடுத்தபோது சொட்டச் சொட்ட வந்தது.

"என்ன மாமி இது, வேஷ்டியைத் தோச்சே குடுத்துட்டேளா?" என்றான் மாப்பிள்ளையின் சித்தப்பா. மண்டபமே சிரித்தது. அபயாம்பாள் மாமி சிரிக்கவில்லை. சாருலதா தரையில் ஓடிய தண்ணீரைத் தன் புடவைத் தலைப்பால் துடைத்தாள்.

அதோடு விட்டதா? அவள் எந்தப் பக்கத்தைத் திறந்தாலும் ஐஸ் அச்சு விளம்பரம். பஞ்சாங்கம் பார்க்கப் போனால் ஓரத்தில் ஐஸ் மெஷின். ரசப்பொடி அளவு பார்க்கப் போனால் கீழே ஐஸ் பெட்டி, தள்ளுபடி விலையில். பட்ட அவமானம் படம் போட்டுக்கொண்டு பின்னால் அலைந்தது.

"நகுல், இந்த ஐஸ் சனியனை நிறுத்துடா!" என்று ஒருநாள் மதியம் மகனைப் பிடித்து இழுத்துவந்து உட்கார்த்தினாள்.

"அரே அம்மா, இந்த ப்ரௌசர் அப்படித்தான். நீ எங்க போனாலும் பின்னாலயே வரும். வேற ஒண்ணு இருக்கு, போட்டுத் தரேன். அது உன்னை யாரையும் மோந்து பார்க்க விடாது. மூடினா எல்லாம் சாஃப், தொடைச்சு விட்டுடும்."

"சாஃப்னா? என் பாஸ்வேர்டெல்லாம்?"

"மறுபடி போடணும்."

"சேர்த்து வெச்ச படமெல்லாம்?"

"தனியா எடுத்து வெக்கணும்."

"மராட்டிப் பக்கத்தைத் தமிழ்ல மாத்திக் குடுக்குமே, அது?"

"இதுல அவ்வளவு நன்னா வராது. ஒண்ணு வேணும்னா ஒண்ணை விடணும்மா. வசதி வேணுமா, ப்ரைவசி வேணுமா? தும் போலோ, நீயே சொல்லு."

சாருலதா யோசிப்பதுபோல் நடித்தாள். பாஸ்வேர்டும் படமும் அவளுக்கு ஒரு பொருட்டா? பத்மஜாவை எப்படி விடுவது?

"எனக்கு வசதிதான் வேணும். விளம்பரத்தை மட்டும் எடு. மறைக்கறதுக்கு எங்கிட்ட என்னடா இருக்கு?"

"அப்படித்தான் எல்லாரும் சொல்லுவா," என்று செட்டிங்ஸைத் திறந்த நகுல் நிமிர்ந்தான். "இது யார் அக்கவுண்ட்? பத்மஜா ஆன்ட்டியோடதா? இன்னுமா ஓடறது?"

"கிடந்துட்டுப் போறது, விடு."

"என்ன விடு! நீ இதுல டைப் பண்றதெல்லாம் அங்க போயிண்டிருக்குமே. ஆன்ட்டி போன்ல ஹிஸ்டரி திறந்தா உன்னோட எல்லாம் தெரியும்."

சாருலதாவுக்குத் திருடனைத் தேள் கொட்டியது போலிருந்தது. கத்தவும் முடியவில்லை.

எதிர் பில்டிங் சமையலறை நமக்குத் தெரிந்தால், நம் சமையலறையும் அவர்களுக்குத் தெரியும். இந்த ஊரில் இது குழந்தைக்குக்கூடத் தெரியும். அவளுக்கு ஏன் தோன்றவில்லை?

"புது ப்ரௌசரையும் போட்டு வெச்சிருக்கேன். இந்த அக்கவுண்ட்டை எடுத்துடவா?" என்றான் நகுல்.

"நீ போ. நான் எடுத்துக்கறேன்."

அவன் போனதும் பட்டியலைத் திறந்தாள். இப்போது தன் வரிகளைப் பத்மஜாவின் கண்ணால் படித்தாள். 'பத்மஜா சீர்வரிசை குறைகள்.' 'தோழி துரோகம் செய்தால் என்ன செய்வது.' 'கண் திருஷ்டி பலிக்குமா.' 'வெள்ளைத் தாமரை சீக்கிரம் வாட என்ன காரணம்.' நடுவே 'முழங்கால் வீக்கம்', 'கீழே உட்கார முடியவில்லை.' ஒருநாள், எந்த மனநிலையில் அடித்தாளோ, 'பொறாமை போக ஸ்லோகம்.'

ஐயோ! மண்டபத்தில் பட்ட வெட்கமெல்லாம் ஒரு வெட்கமா? அங்கே நனைந்தது தரை. இங்கே கலங்கியது நெஞ்சு. முகத்தைப் பொத்திக்கொண்டு அழுதாள். அழுகையின் நடுவிலும் ஒரு வரி கண்ணில் பட்டது. மாட்டுங்கா கல்யாணத்துக்கு மறுநாள் பத்மஜா தேடியது: 'பட்டு வேஷ்டியில் தண்ணீர்க் கறை போக.' அதே கேள்வியை முதல்நாளே சாருலதா தேடியிருந்தாள். அதே வேஷ்டி. அதே கறை. பத்மஜா கையில் நனைந்த வேஷ்டி ஏது?

கண்ணைத் துடைத்துக்கொண்டாள். தேடல் பெட்டியில் அடித்தாள்: 'பத்மஜா நீ இதைப் படிக்கிறாயா.'

என்ட்டரைத் தட்டினாள். ஏதேதோ பக்கங்கள் வந்து விழுந்தன. அவள் எதையும் பார்க்கவில்லை. அடுக்களைக்குப் போய்ப் பாலை அடுப்பில் வைத்தாள். பொங்குவதற்குள் போன் அடித்தது. பிரிந்துபோன பிறகு ஒரு தீபாவளிக்குக்கூட அடிக்காத எண்.

"படிக்கறேன்," என்றது குரல். ஹலோ இல்லை, சௌக்கியமா இல்லை.

"எத்தனை நாளாடி?"

"நீ என்னோடதை எத்தனை நாளாப் படிக்கறயோ, அத்தனை நாளா."

"வெக்கமா இல்லையா உனக்கு?"

"உனக்கு இருக்கா சாரு? இருந்தா சொல்லு, பாதி கடன் வாங்கிக்கறேன்."

"அந்த ஐஸ்... நீ வேணும்னுதானே தேடினே?"

"ஆமாம். நான் எதைத் தேடினாலும் அது உன் தட்டுல வந்து உக்காந்துக்கறது. என் வெட்டிவேர் தேரைப் படத்துல பார்த்தபோது எனக்கு எப்படி இருந்திருக்கும்? மே மாசத்துல ஐஸ்னு போட்டா இவ செய்வாளான்னு பார்த்தேன். சத்தியமாச் சொல்றேன், நீ செய்யமாட்டேன்னுதான் நினைச்சேன். உன் தலைக்கு அவ்வளவு சூடு ஏறியிருக்கும்னு எனக்குத் தெரியாது."

"எல்லாம் உன்னால! என்னை விட்டுட்டுப் போனயே, அதனால!"

"விட்டுட்டா? பக்கத்துல உக்காந்து பூவைக் கட்டினவ நானும்தானே? ஊரெல்லாம் என்ன பேரு? சாருலதா தட்டு! ஒரு கல்யாணத்துல ஒரு மாமி என்னைப் பார்த்து, 'சாருகூட வேலை செய்யற பொண்ணுதானே நீ'ன்னா. நீ பக்கத்துலதான் இருந்தே. சிரிச்சே."

சாருலதாவுக்கு நினைவிருந்தது. சிரித்தது மட்டுமல்ல, அன்று மனசு குளிர்ந்ததும் நினைவிருந்தது. பால் பொங்கி அடுப்பில் வழிந்தது. அவள் நகரவில்லை.

"மூடியிருக்கலாமேடி. ஏன் திறந்து போட்டே?"

"என் போன்ல ஒரு பட்டன் அமுக்கினா உன் லேப்டாப் வெளியில போயிடும். என் பொண்ணு அப்பவே காட்டினா. கை வரலை. நீ கிடந்து எரியறதைப் பார்த்தா எனக்கு அவ்வளவு சந்தோஷமா இருக்கும். அப்புறம் முழங்கால் வீக்கம்னு அடிப்பே. அந்தக் காலை மடக்கிண்டு எப்படித் தனியா அத்தனை தட்டையும் முடிக்கறாளோன்னு இருக்கும். காபி இறங்காது."

இரண்டு பெண்களும் ரயில் தூரத்துக்கு இந்தப்பக்கமும் அந்தப்பக்கமும் நின்று அழுதார்கள். அழுதபடியே அவரவர் மூக்கை உறிஞ்சும் சத்தத்தை மற்றவர் கேட்டார்கள்.

"நகுல் வேற ப்ரௌசர் போட்டிருக்கான்," என்றாள் சாருலதா. "அதுல ஒண்ணும் தங்காதாம்."

"ஓ. அப்போ உன் முழங்கால் எப்படி இருக்குன்னு எனக்கு எப்படித் தெரியும்?"

"போன் பண்ணிக் கேளேன்."

"கேட்டா நன்னாயிருக்குன்னு பொய் சொல்லுவே."

"சொல்லுவேன். எனக்குப் பொய் சொல்ல ஒரு இடம் வேண்டாமா பத்மா? இத்தனை நாளா உன் முன்னால நிர்வாணமா நின்னிருக்கேனேடி!"

சாருலதா கூடத்துக்கு வந்தாள். லேப்டாப்பில் அந்தக் கணக்கின் மேல் அம்பைக் கொண்டுபோய் வைத்தாள். அழுத்தினால் இனிமேல் அந்த வீட்டுக் கிளியும் தேரும் அவள் கண்ணுக்குத் தெரியாது. அவள் எரிவதும் அங்கே தெரியாது. மூச்சைப் பிடித்துக்கொண்டு அழுத்தினாள்.

"போயிடுத்து," என்றாள் பத்மஜா மறுமுனையில், யாரையோ ரயிலேற்றி விட்டவள்போல.

கணக்கு மூடி முழுசாக ஒரு நிமிஷம்கூட ஆகியிருக்காது. சாருலதாவால் இருக்க முடியவில்லை.

"ஆமாம், அடுத்த முகூர்த்தத்துக்கு உனக்கு என்ன ஆர்டர் வந்திருக்கு?"

"பெரிசா ஒண்ணுமில்லை," என்றாள் பத்மஜா. "வாஷி பக்கம் ஏதோ சின்னதா ஒரு நிச்சயதார்த்தம்."

அது பொய் என்று சாருலதாவுக்கு உடனே தெரிந்துவிட்டது. எவ்வளவு பெரிய பொய் என்று பார்க்கத்தான் இனி வழியில்லை.