செத்த கன்றுகளின் வியாழக்கிழமை

ஆண்களின் செருப்பு கிடந்தால் கிடந்துவிட்டுப் போகட்டும். வியாழக்கிழமை மாலையில் ஜொஹ்ரா வீட்டு வாசலில் அத்தனை செருப்புகள் எதற்கு என்று கீழ்வீட்டு ஹத்தா இன்றைக்கும் ரொட்டிக் கடை வரிசையில் நின்று கேட்கிறாள். எதிர்வீட்டில் இருந்தவள் நான். ஜொஹ்ராவின் கதவு திறந்தேதான் கிடக்கும். உள்ளே பேசியதெல்லாம் பேரீச்சங்கன்று செத்த கதை. அதில் என்ன காதலைக் கண்டாள் இவள்?

ஜொஹ்ரா பல்கலைக்கழகத்தில் பாடம் நடத்தியவள். பேரீச்ச மரத்தைக் குருத்தோடு உலர்த்திவிடும் ஒரு நோய்க்கு மருந்து தேடிக்கொண்டிருந்தாள். ஒரு கண்ணாடி மூக்கில், ஒன்று தலையில், மூன்றாவதைத் தேடுவாள். மண்ணிலிருக்கும் கிருமியைக் கொல்ல வேண்டும் என்று ரவையை ஆவியில் அவிக்கும் என் குஸ்குஸ் சட்டியை வாங்கிப்போய் அதில் மண்ணை அவித்தாள். கழுவித் திருப்பிக் கொடுத்தபோது, "இதுல இனி நீயே அவிச்சுத் தின்னு" என்றேன். சந்தோஷமாக வைத்துக்கொண்டாள்.

வியாழக்கிழமைதோறும் வேறு வேறு ஊர்ப் பல்கலைக்கழகங்களிலிருந்து வாத்தியார்கள் பஸ் பிடித்து வருவார்கள். வருகிறவர் தன் ஆராய்ச்சியில் தோற்றதைத்தான் சொல்ல வேண்டும். புதிதாக வந்த ஒருவர், தன் கட்டுரை பிரான்சில் அச்சானதைப் பற்றி ஆரம்பித்தார்.

"அதை நாங்க படிச்சுக்கிறோம் தம்பி. நீ எதைச் சாகடிச்சே, அதைச் சொல்லு" என்றாள் ஜொஹ்ரா.

அவர் நெளிந்து நெளிந்து, சுண்ணாம்புத் தண்ணீர் ஊற்றி ஒரு பாத்தி கன்றுகளைக் கொன்றதைச் சொன்னார். கேட்டுக்கொண்டிருந்த இரண்டு பேர் தலையில் அடித்துக்கொண்டார்கள். அவர்களும் அதையேதான் ஊற்றியிருந்தார்கள். செத்ததை ஒருவர் மறைக்க, தெரியாமல் அடுத்தவரும் அதையே கொன்றுகொண்டிருந்திருக்கிறார்.

இது அவளுடைய துறைத்தலைவர் லக்தருக்குப் பிடிக்கவில்லை. நம் துறையில் செத்ததையெல்லாம் வெளியூர்க்காரனுக்குச் சொல்லி மானத்தை வாங்குகிறாள் என்று பொருமினார். ஹத்தாவின் செருப்புக் கணக்கும் அவர் காதுக்குப் போயிருந்தது. ஒருநாள் நேரிலேயே வந்து உட்கார்ந்துவிட்டார்.

"கூட்டத்தை நிறுத்து. பேராசிரியர் பதவிக்கு நாளைக்கே கையெழுத்துப் போடுறேன். இல்லேன்னா, பாலைவனத்துல ஒரு பண்ணைல ஆள் இல்லாம இருக்கு."

அவளுக்கு அந்தப் பதவி மேல் ஆசை இல்லை என்று யாராவது சொன்னால் நம்பாதீர்கள். மறுநாள் காலை நான் குஸ்குஸுக்கு ரவை உருட்டிக்கொண்டிருந்தபோது எதிரில் வந்து உட்கார்ந்தாள்.

"அக்கா, ஒரு தடவை என்னைப் பேராசிரியர்னு கூப்பிடு."

கூப்பிட்டேன். கண்ணை மூடிக் கேட்டாள்.

"நல்லாத்தான் இருக்கு. வாயை மூடிக்கிட்டு இதைக் கேக்கணும்னாங்களே, அதான் முடியல."

எழுந்து போய், பண்ணைக்கே போகிறேன் என்று லக்தரிடம் சொல்லிவிட்டு வந்தாள். அப்போதும் அவருக்குக் கோபம் ஆறவில்லை. எந்த ஊர்ப் பண்ணை என்று துறையில் ஒருவரும் வாயைத் திறக்கக் கூடாது என்று உத்தரவு போட்டார். கைபேசி இல்லாத காலம். தேடி வருகிறவர்கள் பூட்டிய கதவைப் பார்த்துவிட்டுத் திரும்பிப் போகட்டும் என்பது அவர் எண்ணம். நான் யாருக்காவது சொல்லலாம் என்றால், பத்துத் தடவை காதில் விழுந்தால்தான் எனக்கு ஓர் ஊர்ப் பெயர் தலையில் நிற்கும்.

கிளம்பிய அன்று பெட்டியோடு படியிறங்கினாள். நான் பின்னாலேயே போனேன். ஹத்தாவின் கதவு வழக்கம்போல் ஒரு விரல் அளவு திறந்திருந்தது. ஜொஹ்ரா பெட்டியை வைத்துவிட்டு அந்த இடுக்கில் குனிந்தாள். படியில் நின்ற எனக்கே கேட்டது அந்த ரகசியம்.

"திமிமூன் ஊரைத் தாண்டி, உப்பு ஏரிக்குப் பக்கத்துப் பண்ணை ஹத்தாக்கா. வியாழக்கிழமை வீட்டுலதான் இருப்பேன். யாருக்கும் தெரிய வேணாம்."

உதட்டில் விரலை வைத்துக் காட்டினாள். பெட்டியை எடுத்துக்கொண்டு வாசலைத் தாண்டிப் போனாள்.