விளக்குப் போடும் முன்பே படித்த கடைசி வரி

கண் பரிசோதனைப் பலகை ஒன்று தமிழில் வேண்டும் என்று அத்திம்பேர் கேட்டபோது, நாகர்கோவிலுக்கு ஒரு பஸ் ஏறினால் கடையிலேயே கிடைத்துவிடும் என்று எனக்குத் தெரியும். சொல்லவில்லை. நான் வேலை பார்த்த ஸ்டிக்கர் கடைக்குக் கட்டிங் மெஷின் வந்த புதிது. கணக்கில் பட்டம், அதற்கு மேல் கம்ப்யூட்டர் படிப்பு, எல்லாம் முடித்துவிட்டு ஆட்டோ கண்ணாடிகளுக்குத் தெய்வங்களின் பெயரை வெட்டிக்கொண்டிருந்தேன். எதைப் பார்த்தாலும் அதை இன்னும் சின்னதாக வெட்ட முடியுமா என்று கை பரபரத்த காலம்.

அத்திம்பேர் என் அக்காவின் கணவர். கிழக்கேகோட்டையில் ஒரு பெரிய கண்ணாடிக்கடையில் கண் பார்த்துக்கொண்டிருந்தவர், வேலையை விட்டுவிட்டுக் கரமனையில் எங்கள் தெருமுனையிலேயே சொந்தக் கடை போட்டார். பழைய முதலாளி கோபிக்கவில்லை. ஓணம் வரை உன் நாற்காலியில் வேறு யாரையும் உட்கார வைக்க மாட்டேன் என்று அன்பாகச் சொல்லி அனுப்பினார். திட்டியிருந்தால்கூடப் பரவாயில்லை. அந்தக் காலி நாற்காலி அத்திம்பேர் சாப்பிடும்போதும் எதிரே வந்து நின்றது. ஓணத்துக்குள் கடை ஓட வேண்டும், இல்லையென்றால் திரும்பிப் போய் அதில் உட்கார வேண்டும்.

மலையாள ஊரில் எங்களுடையது தமிழ்த் தெரு. பலகை தமிழில் இருந்தால்தான் தெருவின் பெரியவர்கள் வருவார்கள் என்பது அவர் கணக்கு. மேல் வரியில் ஒரே ஒரு பெரிய எழுத்து, கீழே போகப் போகச் சிறிதாகி, கடைசி வரியில் அரிசி மணி அளவில் ஆறு எழுத்துகள். ண, ஐ, ழ, இ, ஞ, ற.

மெஷினுக்கு இது ஒரு வேலையே இல்லை. அதன் கத்தி மேலே இருக்கும் வினைல் என்ற பிளாஸ்டிக் தாளை மட்டும் கீறும், அடிக்காகிதத்தைத் தொடாது. தொல்லை அதன் பிறகு. எழுத்தைச் சுற்றியிருக்கும் வேண்டாத வினைலை உரித்து எடுக்க வேண்டும். எழுத்தின் சுழிக்குள் அடைபட்ட துண்டையும் ஊசியால் குத்தி எடுக்க வேண்டும். அதை வயிறு என்போம். அரிசி மணிக்கு வயிறு எடுப்பது எப்படி? உரிக்கும்போது ‘ழ’ முழுசாகக் கூடவே வந்துவிட்டது. மறுபடி வெட்டினேன். ‘இ’ வந்துவிட்டது.

ஸ்டிக்கர் கடை முதலாளி சேட்டன் எட்டிப் பார்த்தார். “மோளே, இது எழுத்தோ உறும்போ? மேசையெ விடு, ஆட்டோக்காரன் காத்து நிக்குன்னு. உறும்பையெல்லாம் வீட்டில் கொண்டுபோய்ப் பிடிச்சோ.”

எறும்புகளை வீட்டுக்குக் கொண்டுபோய்க் கூடத்தில் விரித்தேன். மத்தியானம் அரட்டைக்கு வந்த மாமிகள், வளையலில் தொங்கிய சேஃப்டி பின்னை அவிழ்த்துக்கொண்டு சுற்றி உட்கார்ந்துவிட்டார்கள்.

“‘ண’ ஆச்சு. ‘ஐ’ ஆச்சு. அய்யோ, ‘ழ’ போச்சுடீ!”

“மூச்சு விடாதேங்கோ மாமி, பறந்துடும்.”

ஒரு எழுத்து போனாலும் வரி முழுவதையும் புதிதாக வெட்டிக்கொண்டு வருவேன். மறுபடி ண, ஐ, ழ என்று ஆரம்பிப்பார்கள். ஒருத்தி சொல்ல மற்றவர்கள் கூடவே சொல்வது எங்கள் தெருவின் வழக்கம். பூஜையோ ஸ்டிக்கரோ, வித்தியாசம் கிடையாது. அடுத்தாத்து மாமா ஊசியைத் தொடவில்லை. ஊஞ்சலில் ஆடியபடி, கண்ணை மூடிக்கொண்டு, பின்பாட்டு மட்டும் பாடினார். வாரக் கடைசியில் வரி தேறியது. டேப்பில் ஒட்டி எடுத்து, பால் நிறப் பலகையில் பதித்து, பின்னால் ட்யூப்லைட் வைத்துக் கொடுத்தேன். எனக்கே கண் கூசியது.

திறப்பு நாளன்று இலவசப் பரிசோதனை. முதல் ஆள் அடுத்தாத்து மாமா. முந்தின நாள்தான் லாரியைக் கைகாட்டி நிறுத்தி, கிழக்கேகோட்டை போகுமா என்று கேட்டவர். நாற்காலியில் உட்கார்ந்ததுமே கம்பீரமாக ஆரம்பித்தார்.

“ண, ஐ, ழ, இ, ஞ, ற.”

“மாமா, இன்னும் லைட்டே போடலை” என்றார் அத்திம்பேர்.

“எனக்கு எதுக்குடா லைட்டு? என் கண்ணு அப்படியாக்கும்!”

பின்னால் வந்த மாமிகளும் அப்படியே. ஒருத்தி கதவைப் பார்த்துக்கொண்டு படித்தாள். தெரு முழுவதற்கும் கழுகுக் கண் என்று தெரிந்துபோனது. ஒரு கண்ணாடிகூட விற்கவில்லை. அடுத்த நாளும் இல்லை. தெருவில் ஓணப் பூக்கோலத்துக்குப் பேச்சு எழுந்தபோது அத்திம்பேர் ஷட்டரைப் பாதி இறக்கிவைத்துக்கொண்டு உள்ளே உட்கார்ந்திருந்தார்.

“வேற வரி வெட்டித் தரட்டுமா?” என்றேன்.

“வேண்டாம் தாயே. அதையும் சேர்ந்து பாடிடுவா.”

ஆறுதலாக இருக்கட்டும் என்று என் வேலையை அங்கேயே எடுத்துப்போனேன். ஒரு ஆட்டோவின் பின்பக்கத்துக்கான பொடி எழுத்துகள். வேடிக்கை பார்க்க வந்த மாமா, கழுகுக் கண்ணர் அல்லவா, ஊசியை என் கையிலிருந்து வாங்கினார்.

“நீ நகரு. நான் பண்றேன்.”

குத்தினார். எழுத்து முழுசாக வந்து அவர் கட்டைவிரலில் ஒட்டிக்கொண்டது. அதை வேட்டியில் துடைத்துவிட்டு அடுத்ததைக் குத்தினார். அது நகர்ந்தது. மறுபடி குத்தினார். மறுபடி நகர்ந்தது.

“என்னடீ இது, வயிறு ஓடறதே?”

“மாமா, அது எறும்பு.”

அத்திம்பேர் எழுந்த வேகத்தில் ஸ்டூல் விழுந்தது. பரிசோதனைக்கான வட்டச் சட்டத்தை எடுத்து, மாமாவின் மூக்கில் மாட்டி, ஒவ்வொரு வில்லையாகப் போட்டுப் பார்த்தார். மாமா காகிதத்தையே பார்த்துக்கொண்டிருந்தார்.

“அட, ஆமா. எறும்பேதான். காலெல்லாம் தெரியறதே!”

அன்றிலிருந்து யார் வந்தாலும் அத்திம்பேர் பலகைப் பக்கமே திரும்புவதில்லை. ஒரு ஊசியும் வெட்டிய வினைலும் கையில் கொடுத்து, “இந்த எழுத்தோட வயித்தை மட்டும் எடுங்கோ” என்பார். கிட்டப் பார்வைக்கு அது. தூரப் பார்வைக்கு வாசலில் நிறுத்தி, பாலத்துப் பக்கம் வரும் பஸ்ஸின் போர்டைப் படிக்கச் சொல்வார். மாமிகள் வரிசையாகத் தோற்றார்கள். கடையில் கூட்டம் சேர்ந்தது, கண்ணாடிகள் விற்றன. காத்திருந்தவர்களும் சும்மா இருக்க முடியாமல் உரித்தார்கள். என் சில்லறை வேலையெல்லாம் அங்கேயே முடிந்தது. சேட்டன் மட்டும், “மோளே, உனக்கு இப்போ எத்தர கையாணு?” என்று என் கைகளை எண்ணுவதுபோலச் சந்தேகத்தோடு பார்த்தார்.

ஓணத்துக்கு முன்தினம் மாமா கண்ணாடி வாங்க வந்தார். மாட்டிக்கொண்டு, கடையைச் சுற்றிப் பார்த்து, பலகையின் முன் நின்றார். முதல்முறையாக அதைப் படித்தார்.

“ண, ஐ, ழ, இ, ஞ...” நிறுத்தினார். “ஏண்டீ, ‘ற’ எங்கே?”

கிட்டே போய்ப் பார்த்தேன். ‘ஞ’வுக்கு அப்பால் வெறும் பலகைதான். டேப்பில் எடுத்தபோதே விழுந்திருக்க வேண்டும். தெரு முழுவதும் படித்த எழுத்து, நானும் அத்திம்பேரும் தலையாட்டிச் சரி பார்த்த எழுத்து, அங்கே இருந்ததே இல்லை.

அத்திம்பேர் ஒரு கணம் பலகையைப் பார்த்தார். பிறகு வட்டச் சட்டத்தை எடுத்துத் தன் மூக்கிலேயே மாட்டிக்கொண்டு, நாற்காலியில் உட்கார்ந்து, என்னிடம் கை நீட்டினார்.

“அந்த ஊசியைக் கொஞ்சம் தாயேன்.”