ஆளில்லாத வயல்

அழிக்க மாட்டேன் என்றேன். ஏழாம் வகுப்பு முழுக்க நான் வாய்திறந்து பேசியதே அந்த ஒரு வாக்கியம்தான் என்று என் அக்கா இன்றைக்கும் கிண்டலடிப்பாள்.

தொண்ணூற்றொன்றாம் வருஷம். சுங்குவார்சத்திரத்தில் இப்போது கம்பெனி பஸ்கள் வரிசைகட்டி நிற்கிற இடமெல்லாம் அப்போது நெல் வயல். எங்கள் பள்ளிக்கூடத்து ஓவிய அறையில் கண்ணாடிச் சட்டம் போட்ட படம் ஒன்று தொங்கியது. நூறு வருஷத்துக்கு முன்னால் இங்கிலாந்தில் யாரோ ஒருவர் தன் நாட்டுப்புறத்தை நீர்வண்ணத்தில் வரைந்திருந்தார். அதன் அச்சுப் பிரதி. நீலமாய் ஒரு குன்று, ஓடை, அடர்ந்த மரங்கள், அறுத்து நிறுத்திய கோதுமைக் கட்டுகள். எனக்கு அது நெல்தான். பொய் சொல்லக் கூடாது, அந்த வானத்தின் மேல் எனக்குக் கொள்ளை ஆசை.

அதை அச்சு அசலாக வரைகிற பிள்ளையைக் காஞ்சிபுரத்தில் நடக்கும் போட்டிக்குக் கூட்டிப்போவதாக டிராயிங் சார் சொன்னார். நான் காஞ்சிபுரமே பார்த்ததில்லை. வானத்தைப் போட்டேன், ஓடையைப் போட்டேன். எல்லாரையும்விட என்னுடையதுதான் நன்றாக வந்தது. அப்புறம்தான் வயலில் ஆளே இல்லை என்பது உறுத்தியது. எங்கள் ஊரில் அறுப்பு முடித்தவர்கள் கூலி நெல்லை அளந்து வாங்காமல் நிலத்தைவிட்டு நகரமாட்டார்கள். கட்டு நிற்கிறது, ஆள் எங்கே? வெள்ளைக்காரர் மறந்துவிட்டார் பாவம் என்று, குனிந்து நிற்கும் ஒரு பெண்ணைச் சேர்த்தேன். தூக்கிச் செருகிய புடவை, தலையில் துண்டு.

சீனரியைக் கெடுத்துவிட்டாய், அழி என்றார் சார். மாட்டேன் என்றதும் அம்மாவைக் கூட்டிவரச் சொன்னார். அம்மா கூலிக்குப் போகிற நிலத்துக்காரரின் தம்பிதான் அவர். அது எனக்கும் தெரியும். தெரிந்து என்ன, அந்த வயதில் அதெல்லாம் மண்டையில் ஏறுமா?

களையெடுப்பிலிருந்து சேற்றுக் காலோடு அம்மா வந்தாள். அறை விழும் என்று கன்னத்தைத் தயாராக வைத்திருந்தேன். அவள் என் படத்தையும் சுவரில் தொங்கியதையும் மாறி மாறிப் பார்த்தாள்.

"இன்னா சார், இவ்ளோ கட்டு கீது, அறுத்தவ எங்க?"

"ஆளு இருந்தா அழகு போயிடும்மா. அந்தப் பொம்பளய அழிக்கச் சொல்லு, காஞ்சிபுரம் இட்டுகினு போறேன்."

"நாங்க நின்னா அழகு பூடுமா? அறுத்துக் குடுத்துட்டு, கூலிகூட வாங்காம காத்தா பூடணுமா?" அம்மாவின் குரல் பக்கத்து வகுப்புவரை கேட்டது. என் பக்கம் திரும்பினாள். "அழிக்காத. அழிச்ச, கைய ஒடிச்சிடுவேன்."

சார் சிரித்தார். சரிம்மா, பார்த்துக்கலாம் என்று மட்டும் சொன்னார்.

எனக்குப் பதில் ஒரு பையன் காஞ்சிபுரம் போனான். நான் அழுது தீர்த்தேன், ஆனால் அழிக்கவில்லை. அம்மா அந்தப் படத்தைச் சோற்றுப் பருக்கை தேய்த்து, தெருவில் போகிறவர்கள் கண்ணில் படும்படி வெளிக்கதவில் ஒட்டினாள்.

அடுத்த நடவுக்கு ஊர்ப் பெண்கள் எல்லாரும் எங்கள் வாசலைத் தாண்டிப் போனார்கள். அம்மாவை யாரும் கூப்பிடவில்லை. அவர்கள் தெருமுனை திரும்பும்வரை அவள் வாசலிலேயே நின்றாள். பள்ளிக்கூடம் விட்டு வரும்போதெல்லாம் அம்மா வீட்டில் இருக்கிறாளே என்று எனக்கு ஒரே குஷி. என் படம் பிடித்துப்போய் சார் வீட்டில் அம்மாவுக்கு லீவு கொடுத்துவிட்டார்கள் என்று சிநேகிதிகளிடம் பெருமையடித்துக்கொண்டேன்.