இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம்

உப்பும் மீன் நெய்யும் ஊறிய தாளைத் திருப்பினால் அது மற்றத் தாள்களைப்போலச் சரசரக்காது. ஈரத்துணி தரையில் விழுவதுபோல மெல்ல ஒரு "தொப்" என்ற சத்தம்தான் கேட்கும். அந்தச் சத்தத்தோடு இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கம் திரும்பி, அதன் முதல் நான்கு வரிகளைக் கண்ணால் மட்டும் ஓட்டிப் பார்த்துவிட்டு நான் வாயை மூடிக்கொண்ட கணத்தில்தான், எழுதியிருப்பதை விட்டுவிட்டு எழுதாததை வாசித்தால் என்ன என்ற எண்ணம் எனக்கு முதன்முதலாக வந்தது. எனக்கு அப்போது பன்னிரண்டு வயது. எதிரே கட்டா மீனை முதுகோடு கிழித்துக்கொண்டிருந்த சின்னம்மா கத்தியை நிறுத்தாமலே கேட்டார்:

"ஏன் பிள்ளை நிப்பாட்டிப்போட்டாய்? அவன் வந்திட்டானோ?"

அந்த 'அவன்' யார் என்று சொல்வதற்கு முன், புத்தகத்தைப் பற்றிச் சொல்லவேண்டும். அதற்கு அட்டை இல்லை, முதல் எட்டுப் பக்கங்களும் இல்லை. ஆகவே தலைப்பும் தெரியாது, எழுதியவர் பெயரும் தெரியாது. உப்புக்குளத்தில் இருந்து என் வகுப்புக்கு வந்த ஸில்மியாதான் அதைத் தந்தாள். அவர்களுடைய குடும்பம் இடம்பெயர்ந்து இருந்த புத்தளத்தில் இருந்து ஊர் திரும்பியபோது கொண்டுவந்த பெட்டிகளில் ஒன்றின் அடியில் அது கிடந்ததாம். "அட்டையை ஆர் கிழிச்சது?" என்று கேட்டேன். "உம்மா. அட்டையில நிண்டவன்ர கண் தன்னையே பாக்குதாம்" என்றாள். அந்த ஒரு பதிலே எனக்குப் போதுமாக இருந்தது. மிச்சக் கதையை அவள் சொல்ல வாயெடுத்தபோது காதைப் பொத்திக்கொண்டேன்.

கதை ஒல்லாந்தர் காலத்தில் நடக்கிறது. அரிப்பு என்ற ஊரின் கரையில் முத்துக்குளிப்புக்காகச் சனம் கூடியிருக்கிறது. சந்தியோகு என்ற குளியாளி காலில் கல்லைக் கட்டிக்கொண்டு கடலுக்குள் இறங்குகிறான், மேலே வள்ளத்தில் இருந்து கயிறு பிடிக்கிறவனை ஒல்லாந்து அதிகாரி ஒருவன் முன்னமே ஆசை காட்டி மடக்கி வைத்திருக்கிறான், கயிறு அறுகிறது. ஆனால் அன்று பொழுதுபடும் நேரத்தில் சந்தியோகு வீட்டுக்கு வருகிறான். தலைமயிரில் இருந்து தண்ணீர் சொட்டச் சொட்ட, வாசற்படியைத் தாண்டாமல் நிற்கிறான். மனைவி கத்தரீனாள் சோறு வைக்கிறாள். அவன் தொடுவதில்லை. விடிந்து பார்த்தால் படியில் ஒரு பிடி உப்பு. இப்படியே ஒவ்வொரு நாளும். தான் செத்துப்போனது அவனுக்கே தெரியாது என்பதுதான் அந்தக் கதையிலேயே என்னை உலுக்கிய விஷயம். அங்கே கோட்டைக்குள், அதிகாரியின் பெட்டியில் இருக்கும் முத்துக்கள் பொழுதுபட்டதும் ஒவ்வொன்றாக இமைக்கத் தொடங்கும். அந்தப் பக்கத்தை நான் ஒரு கையால் முகத்தை மறைத்துக்கொண்டு விரலிடுக்கு வழியாகத்தான் வாசித்தேன்.

தனியே வாசிக்கப் பயம், வாசிக்காமல் இருக்கவும் முடியாது. ஆகவே எங்கள் ஊரான தாழ்வுபாட்டில், வளவின் பின்பக்கம், கருவாடு போடுகிற கொட்டிலுக்குள் போய், பள்ளிக்கூடம் விட்ட கையோடு வெள்ளைச் சட்டையைக்கூட மாற்றாமல், ஆட்கள் நடுவில் குந்திக்கொண்டு வாசித்தேன். மூன்றாம் நாள் சின்னம்மா சொன்னார்: "என்னத்தை மனசுக்குள்ள முணுமுணுக்கிறாய்? என்ர கை மீன் கை, புத்தகம் பிடிக்கேலாது. சத்தமா வாசி." சின்னம்மா என் அம்மாவின் தங்கை. பக்கத்தில் மீனுக்கு உப்புத் தடவிக்கொண்டு பக்கத்து வீட்டு ரெஜினா அக்கா இருப்பார். அன்று தொடங்கியதுதான், பிறகு நான் வரப் பிந்தினால் ரெஜினா அக்கா வேலிக்கு மேலால் கூப்பிடுவார்: "எடியே, உங்கட செத்தவன் இண்டைக்குச் சோறு தின்ன வரமாட்டானோ?"

அவர்கள் சும்மா கேட்கிறவர்கள் இல்லை. கத்தரீனாள் மூன்றாம் நாளும் சோறு வைத்தபோது ரெஜினா அக்காவுக்குக் கோபம் வந்துவிட்டது. "தின்னாதவனுக்கு ஏன் ஒவ்வொரு நாளும் அவிச்சுக் கொட்டுறாள்? விசரி!" என்றார். "அவளுக்குத் தெரியும் ஏனெண்டு" என்றார் சின்னம்மா, மீனில் இருந்து கண்ணை எடுக்காமல். ஒருநாள், சந்தியோகுவின் ஈரக் கால் மணலில் வைக்கும் சத்தத்தை நான் குரலைத் தாழ்த்தி வாசித்துக்கொண்டிருக்க, கொட்டிலின் ஓலைத்தட்டி விலகி ஒரு பெரிய தலை உள்ளே நீண்டது. ரெஜினா அக்கா உப்புச் சட்டியோடு எழுந்து "சேசுவே!" என்று கத்திவிட்டார். ஊரில் திரிகிற கழுதைகளில் ஒன்று. அதற்குப் பிறகு அந்தக் கழுதையைக் கண்டால் "சந்தியோகு வாறார், வழி விடுங்கோ" என்பதே எங்கள் வீட்டுப் பகிடி ஆகிவிட்டது.

சின்னம்மா மட்டும் அந்தப் பகிடிக்கு அரைச் சிரிப்புத்தான் சிரிப்பார். காரணம் எனக்குத் தெரிந்திருக்கவேண்டும், தெரிந்தும் இருந்தது, ஆனால் பேய்க்கதை தின்கிற பிள்ளைக்கு அடுத்த பக்கத்தைத் தவிர வேறு எதுதான் கண்ணில் படும்? சித்தப்பா, சண்டைக் காலத்தில் ஒரு காலைநேரம், வள்ளத்து இயந்திரத்துக்கு ஏதோ சாமான் வாங்க என்று சைக்கிளில் தீவைத் தாண்டிப் பெருநிலப் பக்கம் போனவர். பாப்பாமோட்டைப் பக்கத்தில் கண்டதாக ஒருவர் சொன்னார். அதன் பிறகு யாரும் எதுவும் சொல்லவில்லை. காற்றடிக்கிற பம்பை மறந்துவிட்டுப் போயிருந்தார். அது கதவுக்குப் பின்னால் நின்றது. அக்கம்பக்கத்தார் கேட்டுவந்தால் சின்னம்மா படலைக்கு வெளியே கொடுத்துவிடமாட்டார். சைக்கிளை உள்ளே உருட்டிவரச் சொல்லித் தானே காற்றடித்துவிட்டு, பம்பைப் பழைய இடத்தில் சாத்திவைப்பார். "பம்பையும் விட்டிட்டுப் போட்டுது மனுசன், வழியில காத்துப் போனா என்ன செய்யும்?" என்று, நேற்றுப் போனவரைப் பற்றிச் சொல்வதுபோலச் சொல்வார்.

அந்த இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தில் கடைசி அத்தியாயம் தொடங்குகிறது. கத்தரீனாள் கோயிலுக்குப் போகிறாள். மரித்தவர்களுக்கான பூசையில் வாசிக்கும்படி புருசனின் பெயரைச் சுவாமியாரிடம் தன் வாயாலேயே சொல்கிறாள். அன்று மாலை வாசற்படியில் நின்ற சந்தியோகுவுக்கு அப்போதுதான் விளங்குகிறது. தன் கைகளைத் திருப்பித் திருப்பிப் பார்க்கிறான். பிறகு நின்ற இடத்திலேயே உப்புத்தண்ணீராகிப் போய்விடுகிறான். அவள் படியைத் துடைக்கிறாள்.

நான்கு வரியில் இவ்வளவும் இல்லை. ஆனால் எங்கே போகிறது என்பது நான்கு வரியிலேயே தெரிந்துவிட்டது. தலையை நிமிர்த்தினேன். "அவன் வந்திட்டானோ?" என்று கேட்ட சின்னம்மாவின் கத்தி, இப்போது முதல் தடவையாக, மீனின் முதுகில் பாதியில் நின்றிருந்தது. அப்போதுதான் எனக்கு உறைத்தது: இத்தனை கிழமையும் அவர் கேட்டுக்கொண்டிருந்தது சந்தியோகுவின் கதையை மட்டும் இல்லை.

"ஓம் சின்னம்மா, வந்திட்டான்" என்றேன். புத்தகத்தைப் பார்த்தபடியே, அதில் இல்லாத ஒரு மரக்கலத்தைக் கொண்டுவந்தேன். கயிறு அறுந்த சந்தியோகுவை அந்த மரக்கலத்துச் சோனகர்கள் தூக்கிக் காப்பாற்றி, தூரதேசம் கொண்டுபோய், இப்போது திருப்பிக் கூட்டிவந்திருக்கிறார்கள். அப்படியென்றால் வாசலில் வந்து நின்றது? அது அதிகாரி ஏவிவிட்ட வேறொரு பேய். நல்லவேளை, எனக்கு வாய் வேகம். சந்தியோகு படியைத் தாண்டி உள்ளே வந்தான். சோறு தின்றான். இரண்டாம் தரமும் கேட்டுத் தின்றான். ரெஜினா அக்கா கைதட்டினார். சின்னம்மா எழுந்துபோய்க் கையைக் கழுவிவிட்டு, வேலை முடிய முதலே எல்லோருக்கும் தேத்தண்ணி வைத்துக்கொண்டு வந்தார்.

அதன் பிறகு அந்த முடிவை மட்டும் பல தடவை கேட்டார். ஒவ்வொரு தடவையும் நான் புத்தகத்தை விரித்துவைத்துக்கொண்டு வாசித்தேன். ஒவ்வொரு தடவையும் அது கொஞ்சம் வளர்ந்தது. முடிவை மாற்றிவிட்டேன் என்று கேட்டதும் ஸில்மியா என்னைக் கள்ளி என்றாள். "நீ அந்தாளைக் காப்பாத்தேல்லையடி. அவரைப் படியிலேயே நிக்க வைச்சிட்டு வந்திட்டாய்" என்றாள். பன்னிரண்டு வயதுக்காரி பகிடிக்குச் சொன்ன பேச்சு. எனக்கோ அது முள்ளாகத் தைத்தது. உண்மைதானே! பெயரை வாசித்தால்தான் அந்த மனுசனுக்கு விடுதலை. நான் வாசிக்கவிடாமல் செய்துவிட்டேன். நனைந்த உடுப்போடு அவர் இன்னமும் வாசலில் நிற்கிறார்.

நவம்பர் வந்தது. எங்களுக்கு அது ஆத்துமாக்களின் மாதம். கோயிலில் தருகிற தாளில் வீட்டுக்கு வீடு தங்கள் மரித்தவர்களின் பெயர்களை எழுதிக் கொடுப்பார்கள், பூசையில் வாசிப்பார்கள். எங்கள் வீட்டில் எழுத்து என்னுடையது. அம்மா கதிரையில் இருந்து ஒவ்வொரு பெயராகச் சொல்வார். ஐந்து பெயர் முடிந்ததும் எப்போதும் ஒரு நிறுத்தம் வரும். அம்மா தங்கையைப் பார்ப்பார். சின்னம்மா அரிசியில் கல் பொறுக்கிக்கொண்டிருப்பார், அல்லது பொறுக்குவதுபோல இருப்பார். "சரி, தாளை மடி" என்று அம்மா சொல்வார். அந்த வருடமும் அப்படியே சொன்னார். நான் மடிக்க முதல், ஆறாவது வரியில், அழகான எழுத்தில் 'சந்தியோகு' என்று எழுதிவிட்டேன்.

பூசையில் சுவாமி எங்கள் தாளை எடுத்தார். ஐந்து பெயர். பிறகு, கோயில் முழுக்கக் கேட்க, "சந்தியோகு."

"ஆரடி அது, எங்கட வீட்டில சந்தியோகு?" என்று அம்மா என் காதுக்குள் சீறினார். உட்கார்ந்திருந்த வாங்கின் விளிம்பைப் பிடித்தபடி நான் சின்னம்மாவைப் பார்த்தேன். முக்காட்டை வாயில் அழுத்திக்கொண்டிருந்தார், தோள் குலுங்கியது. அழுகிறாரா சிரிக்கிறாரா என்று இன்றுவரை எனக்குத் தெரியாது.

வெளியே, கோயில் மணலில் செருப்பைத் தேடுகிற சாட்டில் என் பக்கத்தில் குனிந்தார்.

"அப்ப அவன் வரேல்லை, என்ன?"

நான் மணலைப் பார்த்தபடி தலையை ஆட்டினேன்.

"கடைசியிலயோ செத்தவன்? முதலே செத்தவனோ?"

"முதலே சின்னம்மா. அவருக்குத்தான் தெரியாது."

"ம்." செருப்பின் மணலைத் தட்டினார். "நானும் நினைச்சனான். அந்த மரக்கலத்துச் சோனகர் அவனுக்கு எங்கட பேக்கரி மாலுபணிசும் பிளேன்ரீயும் குடுத்தவை எண்டு வாசிச்சாயே, ஒல்லாந்தர் காலத்தில பணிஸ் சுட்டது ஆரடி?"

"அப்ப தெரிஞ்சுகொண்டோ திரும்பத் திரும்பக் கேட்டனீங்கள்?"

"பாதி தெரிஞ்சுது" என்றார். "மற்றப் பாதிக்குத்தான் கேட்டனான்."

உண்மையான முடிவை வாசிக்கட்டா என்று கேட்டேன். "வேண்டாம், வேணுமெண்டால் நானே கேப்பன்" என்றார். அன்று அம்மாவிடம் நான் வாங்கிய பேச்சு நீளமானது. செத்தவர்களோடு விளையாடக்கூடாது என்று அம்மா சொல்ல, "இருக்கட்டும் அக்கா, பாவம், அந்தாளுக்கும் ஆர் இருக்கினம்?" என்று சின்னம்மாதான் இடையில் வந்தார்.

இது நடந்து பத்து வருடங்களுக்கு மேலாகிறது. புத்தகத்தை ஸில்மியா திருப்பி வாங்கவில்லை. முகர்ந்து பார்த்துவிட்டு, "இது இப்ப கருவாடு, நீயே வைச்சுக்கொள்" என்றுவிட்டாள். நான் இப்போது யாழ்ப்பாணத்தில் பல்கலைக்கழகத்தில் வரலாறு படிக்கிறேன். படிக்கிற நேரத்தைவிட ஒல்லாந்தர் காலத்துப் பேய்களை எழுதுகிற நேரம்தான் கூட. நான்கு கொப்பிகள் நிறைந்துவிட்டன. பணிஸ் விஷயத்தில் இப்போது கவனமாக இருக்கிறேன். லீவில் ஊருக்குப் போனால், கொட்டிலில் ரெஜினா அக்கா காதில் வயரைக் கொழுவிக்கொண்டு போனில் பேய்க்கதை கேட்டபடி உப்புத் தடவுகிறார். நல்ல கதைகள்தான், எனக்கும் அனுப்புவார். ஆனால் "விசரி!" என்று அவர் திட்டினால் அந்தக் குரல் நின்று பதில் சொல்வதில்லை. அந்தக் கொட்டிலில் இல்லாமல் போனது அது ஒன்றுதான், கதைக்குக் குறுக்கே விழுகிற வாய். சின்னம்மா இப்போது மீன் கிழிப்பதில்லை. விரல்கள் மடங்க மறுக்கின்றன.

போன கிழமை அவர் எனக்குப் போன் எடுத்தார். சாப்பிட்டாயா, படிக்கிறாயா எல்லாம் கேட்டு முடித்து, வைக்கப்போகிற நேரத்தில், "பிள்ளை, அந்த உப்புப் புத்தகம் இன்னும் உன்னட்டக் கிடக்கோ?" என்றார்.

"ஓம் சின்னம்மா, கிடக்கு."

"ஆத்துமாக்கள் திருநாளுக்கு வரேக்க கொண்டு வா." பிறகு சொன்னார்: "இந்தமுறை உன்ர சரக்கு ஒண்டும் கலக்காத."

அன்றில் இருந்து விடுதி அறையில் கதவைச் சாத்திக்கொண்டு சத்தமாக வாசித்துப் பழகுகிறேன். ஒவ்வொரு தடவையும் நான்காவது வரியில் என் நாக்கு தானாகவே ஒரு மரக்கலத்தைத் தேடுகிறது. வெள்ளிக்கிழமை பஸ் ஏறுகிறேன். பையில் புத்தகம் இருக்கிறது, ஒரு பேனையும் இருக்கிறது. கோயில் தாளை இந்தமுறை நான் எழுதப்போவதில்லை. சின்னம்மாவுக்கு எட்டுகிற இடத்தில் பேனையோடு வைத்துவிடுவேன், ஆறாவது வரியை என்ன செய்வது என்பது அவருடைய விருப்பம். என் வேலை ஒன்றே ஒன்று. அவர் கேட்டுக்கொண்டிருக்க, குரல் எங்கே உடைந்தாலும் உடையட்டும் என்று, ஒரு சொல்லும் கூட்டாமல் ஒரு சொல்லும் குறைக்காமல், இருநூற்றுப் பன்னிரண்டாம் பக்கத்தை முதல் வரியில் இருந்து வாசித்துப் பார்க்கப்போகிறேன்.